காதுக்காரர் வைத்த டைமிங்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. காதுக்காரர் என்று கேட்டால் மூன்று பேர் சேர்ந்து கை காட்டுவார்கள். ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் கண்ணை மூடி நின்றுகொண்டு, நாலு சிலிண்டரில் எது சோம்பேறி என்று சொல்லிவிடுகிற மெக்கானிக் அவர். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். தவறிப்போன சமயங்களைத் தெருவும் மறந்துவிடும், அவரும் மறந்துவிடுவார். பேர் வாங்கிய மனிதருக்கு இந்தச் சலுகை எங்கேயும் உண்டு.

அவருடைய ஷெட்டுக்கு நேர் எதிரே லேத் கடை. அதை வைத்திருந்தவர் அவர் மனைவியின் அண்ணன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இன்ஜினின் மேல்மூடியான ஹெட் ஒன்றை மட்டமாகச் சீவிக்கொண்டு போவதற்காக அந்தக் கடைக்கு வந்த காதுக்காரர், அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கையைப் பார்த்தார். அதற்கப்புறம் சீவத் தேவையே இல்லாத ஹெட்டுகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார். நாலாவது ஹெட்டில் லேத்காரர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, "ஹெட்டெல்லாம் நேராத்தான் இருக்கு, வீட்டுல பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றாராம். கல்யாணத்துக்குப் பிறகு இவர் அவருக்கு மாப்பிள்ளை, அவர் இவருக்கு மச்சான்.

மச்சான் அதிகம் பேசாதவர். ஒரு இரும்புப் பரப்பைச் சீவினால் தலைமுடி கனத்தில் பாதிகூட மேடு பள்ளம் இருக்காது. சீவி முடித்ததும் மெல்லிய துணியால் துடைத்து, எஃகுச் சட்டத்தை மேலே நிறுத்தி, குனிந்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாது. ஒருநாளும் தெரிந்ததில்லை. அந்த ஒரு கர்வம்தான் அவருக்கு இருந்தது, அதையும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

வம்பு ஒரு பல் டாக்டர் உருவத்தில் வந்தது. அவருடைய அப்பா ஓட்டிய பழைய கார் ஒன்று வீட்டில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அதை வெறுமனே ஓடவைத்தால் போதாதாம், பறக்கவைக்க வேண்டுமாம். பெரிய கார்புரேட்டர், வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிற வேறு கேம், அழுத்தம் கூடுவதற்காகச் சீவிக் குறைத்த ஹெட். காதுக்காரர் இரண்டு மாதம் அந்த இன்ஜினோடு குடித்தனம் நடத்தினார். ஹெட்டைச் சீவியது மச்சான்.

இப்படி மாற்றிய இன்ஜினுக்குப் பழைய டைமிங் ஒத்துவராது. பிளக்கில் பொறி விழ வேண்டியது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால். எவ்வளவு முன்னால் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வேகம் கூடக்கூடப் பொறியை முன்னால் தள்ள டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சின்ன எடைக்கற்கள் உண்டு. இது போக, ஆக்சிலேட்டரில் கால் லேசாக இருக்கும்போது இன்ஜின் காற்றுக்கு ஏங்கி உறிஞ்சுமே, அந்த உறிஞ்சலை ஒரு மெல்லிய ரப்பர் டியூப் டிஸ்ட்ரிப்யூட்டருக்குக் கொண்டுபோய்ப் பொறியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுக்கும். இதற்கு வேக்குவம் அட்வான்ஸ் என்று பேர். வண்டி நின்று உறுமும்போதும், நெரிசலில் ஊரும்போதும் இன்ஜின் சூடாகாமல் காப்பாற்றுவது இந்த டியூப்தான். டைமிங் வைக்கும்போது இதைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டு வைக்க வேண்டும். வைத்து முடித்ததும் அடைப்பை எடுத்துவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும். பால் காய்ச்சியவர் அடுப்பை அணைப்பதைப் போல, யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத வேலை.

காதுக்காரர் டியூப்பைக் கழற்றி அதன் வாயில் ஒரு சின்னத் திருகாணியைச் செருகினார். டைமிங் லைட்டைப் பிடித்துப் பன்னிரண்டு டிகிரியில் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்து சேர்ந்தார். இன்ஜின் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளித் துள்ளி, கனமாக உறுமிக்கொண்டிருந்தது. டாக்டர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "இதுதாங்க! இந்தச் சத்தத்துக்குத்தான் தவம் கிடந்தேன்!" என்று கத்தினார். ரேடியேட்டர் கடைக்காரர் வந்தார், சீட் தைப்பவர் வந்தார், பெயிண்டர் கையில் பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கியோடு வந்தார். காதுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "கேளுங்க, நல்லாக் கேளுங்க. இந்தச் சத்தத்தை வேற எவன் கொண்டுவருவான்?" என்று சொல்லிக்கொண்டே பானட்டை இறக்கிச் சாத்தினார்.

அந்த உறுமலில் பாதி, அடைத்து வைத்த டியூப்பின் புண்ணியம். பொறி தாமதமாக விழுந்ததால்தான் இன்ஜின் அப்படித் துள்ளியது. தெரு முழுவதையும் கூட்டி வைத்துத் தன் தப்பைத்தானே கேட்கச் சொல்லியிருக்கிறார் மனுஷன். அந்தப் பெரிய காது அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று அவரே பிற்பாடு பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டார்.

ஓட்டிப் பார்த்தார்கள், பார்க்காமல் இல்லை. ஊருக்கு வெளியே காலியான சாலையில் ஆக்சிலேட்டரை அடிமட்டம் வரை மிதித்து ஓட்டினார்கள். முழுசாக மிதித்தால் இன்ஜினில் உறிஞ்சலே இருக்காது. டியூப் மாட்டியிருந்தாலும் ஒன்றுதான், அடைத்திருந்தாலும் ஒன்றுதான். கார் பறந்தது. டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய கடைவாய்ப் பல் வரை தெரிந்தது.

ஒன்பதாவது நாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பாலத்தின் மேல் நாற்பது நிமிஷம் நெரிசலில் நின்றிருக்கிறது. தண்ணீர் கொதித்து, ஆவி பீறிட்டு, ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கட் தகடு போய்விட்டது. டாக்டர் கொதித்ததற்குக் கணக்கே இல்லை.

காதுக்காரர் பானட்டைத் தூக்கினார். முதலில் கண்ணில் பட்டது அந்தத் திருகாணிதான். டாக்டர் பின்னால் நின்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். எதிர்க் கடையிலிருந்து மச்சான் கையைத் துடைத்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். அவர் தெருவைக் கடக்கிற நேரத்துக்குள் காதுக்காரர் திருகாணியை உருவி, டியூப்பை அதன் இடத்தில் மாட்டிவிட்டார். கை தானாகச் செய்தது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். அவருடைய கை அவர் சொன்னதைத்தான் செய்தது.

ஹெட்டைக் கழற்றினார்கள். மச்சான் எஃகுச் சட்டத்தை வைத்துக் குனிந்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அவர் நிமிரவே இல்லை, சட்டத்தைத் திருப்பி வைத்து மறுபடியும் பார்த்தார்.

"இதை இவருதானே சீவினாரு?" என்றார் டாக்டர்.

மச்சான் சட்டத்தைக் கீழே வைத்தார். மெதுவாகக் காதுக்காரர் பக்கம் திரும்பி, "சூட்டுல வளைஞ்சிருக்குமோ? டைமிங் எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு மாப்ள?" என்று கேட்டார்.

"பன்னெண்டு டிகிரி மச்சான். லைட் பிடிச்சுப் பாத்துத்தான் வச்சேன்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவரைப் பிற்பாடு தூங்கவிடாமல் செய்தது. பச்சைப் பொய் சொல்லியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அப்ப என் கைதான்" என்றார் மச்சான். "கொஞ்ச நாளா கண்ணு மங்கலாத்தான் இருக்கு. கவனிக்காம விட்டுட்டேன் போல. மன்னிச்சுக்குங்க டாக்டர்."

காதுக்காரர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, கேஸ்கட்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

மச்சான் அதே ஹெட்டை மறுபடி சீவிக்கொடுத்தார். புதுக் கேஸ்கட் போட்டு மாட்டியதும் கார் எவ்வளவு நெரிசலிலும் பச்சைத் தண்ணீர் மாதிரி சூடேறாமல் ஓடியது. டியூப் மாட்டியாயிற்றே, ஓடாமல் என்ன செய்யும்? ஆனால் தெருவுக்கு அது தெரியாது. மறுபடி சீவினார், சரியாகிவிட்டது, ஆகவே முதலில் சீவியதுதான் கோளாறு என்று தெரு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. டாக்டர் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு, "முன்ன மாதிரி அந்த உறுமல் இல்லையே?" என்றார்.

"ஹெட்டு இப்பத்தான் டாக்டர் சரியா உக்காந்திருக்கு" என்றார் காதுக்காரர்.

மச்சான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். இது உண்மையான பொய், முழுப் பொய். முதல் தடவை சும்மா இருந்ததற்காவது பயம் என்று ஒரு காரணம் சொல்லலாம். இதற்கு என்ன காரணம் சொல்வது?

அடுத்த வாரம் மச்சான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடி போட்டும் தைரியம் வரவில்லை. ஒரு ஹெட்டைச் சீவி முடிப்பார், துடைப்பார், சட்டத்தை வைத்துக் குனிவார், நிமிர்வார், மறுபடி குனிவார். அப்புறம் தெருவைப் பார்த்து, "மாப்ள, ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிடுவார். காதுக்காரர் போவார். குனிந்து பார்ப்பார். வெளிச்சம் தெரியாது. "சரியா இருக்கு மச்சான்" என்பார். "நல்லாப் பாத்தீங்களா?" என்பார் மச்சான். உலகத்தில் யாருடைய கண்ணை நம்பக்கூடாதோ அந்தக் கண்ணையே கூப்பிட்டு நம்பினார் அவர். காதுக்காரருக்குத் தன் ஷெட்டுக்குத் திரும்பி நடக்கிற அந்த இருபது அடி ஒவ்வொரு தடவையும் நீண்டுகொண்டே போனது.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத நாளில்லை. முதலில் டாக்டரிடம் சொல்லலாம், அவர் வேற்று மனிதர், அவரிடம் சொல்லிப் பழகிக்கொண்டால் மச்சானிடம் சுலபமாக வரும் என்று ஒரு யோசனை தோன்றியது. வலிக்காத பல்லை வலிக்கிறது என்று சொல்லி டாக்டரின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். டாக்டர் ஊசி போட்டார். வாய் மரத்துப்போனது. வாய்க்குள் கண்ணாடியையும் விரலையும் விட்டுக்கொண்டு டாக்டர் உற்சாகமாகப் பேசினார்.

"கார் பிரமாதம்! எங்கயும் நிக்கறதில்லை. உங்க மச்சானுக்குத்தான் பாவம், வயசாயிடுச்சு. எனக்குத் தெரிஞ்ச நாலு பேரு அவருகிட்ட வேலை குடுத்துட்டு இருந்தாங்க. வேற இடம் பாருங்கன்னு நான்தான் சொன்னேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

"ஆ... ஆஹ்... ஆ" என்றார் காதுக்காரர்.

"வலிக்குதா?"

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் அதைப் பல் வலி என்று எடுத்துக்கொண்டு, நல்ல பல் ஒன்றை அடைத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து கோணல் வாயோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மனைவி சிரித்தாள். அவருக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வாய் ஒத்துழைக்கவில்லை.

ஆறு மாதத்தில் லேத் கடைக்கு வேலை பாதியாகக் குறைந்தது. ஏழாவது மாதம் மச்சான் ஹெட் சீவுகிற வேலையே வேண்டாம் என்று சொல்லி, போல்ட்டுக்கு மரை போட்டுக்கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார். அளவு தவறினாலும் யாருக்கும் நஷ்டமில்லாத வேலையாம். இதை அவரே ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். காதுக்காரர் டீயைக் குடிக்காமல் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

எட்டாவது மாதம், ஒரு காலையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "அண்ணன் மிஷினை விக்கப் போறாராம். வெளியூர்லேருந்து யாரோ இன்னைக்கு வண்டி கொண்டுவர்றாங்க. சிமெண்ட் குடோன்ல கணக்கு எழுதப் போறேன்னு சொல்றாரு. இரும்பைத் தவிர வேற எதையும் தொட்டதில்லைங்க அவரு. நீங்க சொன்னாக் கேப்பாரு. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அவர் சட்டையை வாங்கி, பாதிப் பொத்தானோடு போட்டுக்கொண்டு ஓடினார்.

லேத் கடை வாசலில் லாரி பின்பக்கமாக நின்றிருந்தது. சீவுகிற மிஷினை நான்கு பேர் கடப்பாரை கொடுத்து உருளைக் குழாய்களின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. மச்சான் ஓரமாக நின்று, மிஷினிலிருந்து கழற்றிய கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன் மாப்ள?"

"டாக்டர் கார் ஹெட்டு... அது உங்க கை தப்பு இல்லை. என் தப்பு. டைமிங் வச்சுட்டு வேக்குவம் டியூப்ல அடைப்பை எடுக்க மறந்துட்டேன். அடைச்சபடியே பானட்டைச் சாத்திட்டேன். சூட்டுலதான் ஹெட்டு வளைஞ்சிருக்கு. நீங்க சீவினது நேராத்தான் இருந்துச்சு."

மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு அடிக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. மச்சானின் முகம் மெதுவாக மலர்ந்தது. கைப்பிடியைக் கீழே வைத்தார். காதுக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நேராத்தான் இருந்துச்சா?"

"நேராத்தான் இருந்துச்சு மச்சான்."

"எனக்கு ஒண்ணுமில்லையா அப்ப? கண்ணு, கை, ஒண்ணும் ஆகலையா?" அவர் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்துக் காதுக்காரர் பார்த்ததில்லை. "டியூப்பு! அட, ஒரு டியூப்பு மாப்ள! மறதி யாருக்குத்தான் இல்லை. விடுங்க. ஞாபகம் வந்து சொன்னீங்களே, அது போதும். ரொம்ப நன்றி மாப்ள, ரொம்ப நன்றி" என்று கையை விடாமல் குலுக்கினார். லாரி ஆட்களிடம் "கொஞ்சம் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"பாப்பா, என் கை சரியாத்தான் இருந்துச்சாம்! டாக்டர் கார் ஹெட்டு இருக்குல்ல, அது நான் கெடுக்கலையாம். டைமிங் வைக்கும்போது டியூப்பு அடைச்சபடி நின்னுடுச்சாம். சூட்டுல வளைஞ்சிருக்கு!"

"யாருண்ணே சொன்னாங்க?"

"மாப்ளதான். இப்பத்தான் ஓடிவந்து சொன்னாரு."

லாரி ஆள் ஒருவன் பீடியைத் தட்டினான்.

"அவரு பக்கத்துல இருக்காரா?" என்றாள் அவள். பிறகு, "என்னங்க, அந்த டியூப்பு அடைச்சிருந்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இங்கே ஒரு சின்ன வார்த்தை போதும். இன்றைக்கு என்று சொன்னால் முடிந்தது. காலையில்தான் திடீரென்று ஞாபகம் வந்தது என்றால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கப் போவதில்லை. மச்சான் சிரித்த முகத்தோடு அந்தப் பதிலுக்காகவே நின்றுகொண்டிருந்தார். அதை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று காதுக்காரருக்கு உண்மையாகவே ஆசையாக இருந்தது. தனக்காக இல்லை, அந்தச் சிரிப்புக்காக என்றுகூடத் தன்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எட்டு மாதம் முன்னாலும் இப்படித்தான் ஏதோ சொல்லிக்கொண்டார்.

"அன்னைக்கேதான்" என்றார். "காரைக் கட்டி இழுத்துட்டு வந்தப்பவே. பானட்டைத் தூக்கினதும் பாத்துட்டேன். மச்சான் வர்றதுக்குள்ள எடுத்துட்டேன்."

மச்சானின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. அது எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு அவர் மேஜைக்குப் போய், கிரீஸ் விரலாலேயே போனை அணைத்தார்.

"அதுக்கப்புறம் எத்தனை தடவை உங்களைக் கூப்பிட்டிருப்பேன்" என்றார். "வந்து பாருங்கன்னு."

"நாப்பத்தி மூணு."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். "எண்ணினீங்களா?"

"எண்ணினேன் மச்சான்."

"எண்ண முடிஞ்சுது" என்றார் மச்சான். குரல் உயரவில்லை. "நாப்பத்தி மூணு தடவை குனிஞ்சு பாத்துட்டு, நாப்பத்தி மூணு தடவை எண்ணிக்கிட்டுப் போயிருக்கீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லாரி ஆட்களிடம் போய், "மிஷினை விக்கலப்பா. உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். பழைய இடத்துலயே வச்சுடுங்க" என்றார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரையை மறுபக்கம் மாற்றினார்கள். மச்சான் தரையில் இருந்த வெளுத்த சதுரத்தைக் காட்டி, அளவு சொல்லி, குனிந்து ஒரு மூலையில் தோள் கொடுத்தார்.

இன்னொரு மூலையில் ஆள் இல்லை. காதுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அங்கே போய்க் குனிந்தார்.

"வேண்டாம்" என்றார் மச்சான், அவர் பக்கம் திரும்பாமல். "நாங்க பாத்துக்கறோம்."

காதுக்காரர் நிமிர்ந்து, மிஷின் போவதற்கு வழிவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.